அம்மைப்பாலும் அரசாணையும்

நுழையும்முன்

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பெற்றோரின் விருப்பமா, அரசின் கட்டளையா? இன்றும் பல நாடுகளின் சட்டமன்றங்களில் எழும் இக்கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீதிக்கே வந்து நின்றது. காலுறைப் பின்னலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்ற லெஸ்டர் நகரம் அதன் களமாயிற்று. அந்நகரின் வரலாற்றைக் கூறுகிறது இப்பாடம்.

பெரியம்மை வந்தவருள் பலர் மாண்டனர். பிழைத்தவர் முகமெங்கும் தழும்பு சுமந்தனர். சிலர் கண்பார்வையை இழந்தனர். இக்கொடுநோய்க்கு முதல் அணையிட்டவர் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர். 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் தோன்றிய மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் கீறிச் செலுத்தினார். பின்னர்ப் பெரியம்மை நீரையே செலுத்திப் பார்த்தபோதும் சிறுவனை நோய் பற்றவில்லை. (இன்று எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் இச்சோதனைக்கு ஒப்புதல் அளிக்காது.)

தெரியுமா? இலத்தீன் மொழியில் 'வாக்கா' என்றால் பசு. 'வாக்சின்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. தமிழ் மக்கள் அம்மருந்தை 'அம்மைப்பால்' என்றும், அதைச் செலுத்துவதை 'அம்மை குத்துதல்' என்றும் வழங்கினர்.

இங்கிலாந்து அரசு 1840இல் அம்மை குத்துதலை ஏழையர்க்கு இலவசமாக்கியது. 1853இல் ஒருபடி மேலே சென்றது. பிறந்த மூன்று மாதங்களுக்குள் குழந்தைக்கு அம்மை குத்த வேண்டும், தவறினால் தண்டம் என்று சட்டம் இயற்றியது. 1867இல் சட்டம் மேலும் இறுகியது. ஒருமுறை தண்டம் செலுத்தியதோடு தொல்லை தீரவில்லை. குழந்தைக்குப் பதினான்கு வயது நிறையும்வரை பெற்றோரை மீண்டும் மீண்டும் வழக்குமன்றத்திற்கு இழுக்கலாம் என்றாயிற்று.

சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் அது எவர் வீட்டுக் கதவை எவ்வாறு தட்டியது என்பதையும் நாம் காண வேண்டும். செல்வர் தம் குடும்ப மருத்துவரை வீட்டிற்கு அழைத்துக்கொண்டனர். தொழிலாளியின் மனைவியோ கைக்குழந்தையுடன் பொது நிலையத்தில் வரிசையில் நின்றாள். எட்டாம் நாள் மீண்டும் வந்து கொப்புளத்தைக் காட்ட வேண்டும். அப்போது அக்கொப்புளத்தைக் கீறி, அதன் நீரை அடுத்த குழந்தைக்குச் செலுத்துவதற்காக எடுத்தனர். மறுப்பதும் குற்றமாகவே கருதப்பட்டது. இவ்வாறு கைக்குக் கை மாற்றிய முறையில் மேகநோயும் தொற்றிய நிகழ்வுகள் மெய்யாகவே பதிவாகியிருந்தன. ஆகவே, தாயின் அச்சம் வெறும் மூடநம்பிக்கையன்று. தண்டம் இருபது ஷில்லிங் வரை உயரக்கூடும். பண்ணைக் கூலியாள் ஒருவரின் ஒருவார வருவாயைவிட அது மிகுதி. செலுத்த இயலாதவரின் தட்டுமுட்டுப் பொருள்கள் ஏலம் போயின; சிலர் சிறை சென்றனர்.

இந்நிலையில், 1871-72இல் பெருங்கொள்ளையாகப் பெரியம்மை பரவியது. லெஸ்டரில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "எங்கள் குழந்தைகளுக்கு அம்மை குத்தினோமே, பின் ஏன் வந்தது?" என்று மக்கள் வினவினர். நேர்மையான விடை ஒன்று இருந்தது: அம்மைப்பால் தரும் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும், மறுமுறை குத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருமுறை குத்தினால் வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்று ஜென்னர் தொடக்கத்தில் உறுதி கூறியிருந்தார். சட்டமும் குழந்தைப் பருவத்தோடு நின்றுவிட்டது. அளவுக்கு மீறி அளித்த உறுதிமொழியே பிற்காலத்தில் ஐயத்தின் விதையாயிற்று என்பது என் கருத்து.

1885ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் லெஸ்டர் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டனர். குழந்தையின் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து சென்றனர். ஜென்னரின் உருவப் பொம்மையைத் தூக்கிலிட்டனர். உலகுக்கு நன்மை செய்தவருக்கு இத்தகைய பரிசா என்று நாம் வருந்தலாம். ஆயினும் அக்கூட்டம் வெறுத்தது ஜென்னரை மட்டுமன்று, வழக்குமன்ற அழைப்பாணையையும்தான்.

இவ்விவாதத்தில் இருவேறு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அம்மைப்பால் நோயைத் தடுக்கிறதா என்பது ஒன்று. அதற்கு விடை தருவது அறிவியல். தடுக்கிறது எனின், மறுப்பவரை அரசு தண்டிக்கலாமா என்பது மற்றொன்று. அது அறத்தையும் ஆட்சியையும் சார்ந்தது. கட்டாயத்தை வெறுத்தோர், மருந்தே பயனற்றது என்று வாதிட்டனர். மருந்தின் பயனை அறிந்தோர், கட்டாயத்தின் கொடுமையைக் காண மறுத்தனர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு வெளியிட்ட ஆல்பிரட் ரசல் வாலசும் முதல் தவற்றைச் செய்தார். அம்மை குத்துதல் வெறும் மயக்கம் என்று 1898இல் நூலே எழுதினார். ஒரு துறையில் மேதையாயிருப்பவர் மற்றொரு துறையில் வழுவுவது வியப்பன்று.

கட்டாயத்தை ஆதரித்தோரின் வாதத்திலும் வலு இருந்தது. மூன்று மாதக் குழந்தை தனக்காகப் பேசாது. பெற்றோரின் பிழைக்கு உயிரை விலையாகக் கொடுப்பது அக்குழந்தையே. ஒரு வீட்டில் நுழைந்த பெரியம்மை அடுத்த வீட்டையும் தேடிச் செல்லும். 1895-96இல் குளோஸ்டர் நகரில் இது மெய்ப்பட்டது. அம்மை குத்தாத குழந்தைகள் நிறைந்திருந்த அந்நகரில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் சிறுவர். அதன் பின்னரே நகரத்தார் அம்மை குத்திக்கொள்ளத் திரண்டனர். குளோஸ்டர், ஜென்னர் பிறந்த மாவட்டத்தின் தலைநகர்.

அவ்வாறாயின் லெஸ்டர் ஏன் அழியவில்லை? அந்நகர் வேறொரு முறையை வகுத்திருந்தது. நோய் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். நோயாளியைத் தனி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வர். அவரோடு பழகியோரைப் பிரித்து வைத்துக் கண்காணிப்பர். வீட்டையும் துணிகளையும் தூய்மை செய்வர். வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு இழந்த கூலியும் ஈடு செய்யப்பட்டது. கூலி கிடைத்ததால் மக்கள் நோயை மறைக்கவில்லை. 1892-93இல் நோய் புகுந்தபோது இம்முறை அதனைக் கட்டுக்குள் வைத்தது. எனினும் எதிர்ப்பாளர் உரக்கச் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. நோயாளிகளைத் தொட்டுப் பணிசெய்த மருத்துவமனைப் பணியாளருள் பெரும்பாலோர் அம்மை குத்திக்கொண்டவர்கள்.

இச்சிக்கலை ஆராய 1889இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஏழாண்டுகள் விசாரித்தது. அம்மைப்பால் பயன் தருகிறது என்றும், தொடர்தண்டனையை நீக்க வேண்டும் என்றும் 1896இல் அறிக்கை அளித்தது. மேற்கூறிய இரு வினாக்களையும் பிரித்து விடையளித்த அறிக்கை இது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குக் கை மாற்றும் முறையை ஒழித்தது. கன்றிலிருந்து பெறும் தூய அம்மைப்பாலைப் புகுத்தியது. தம் மனச்சான்று இடந்தரவில்லை என நடுவர்முன் மெய்ப்பிக்கும் பெற்றோர்க்கு விலக்களித்தது. 'மனச்சான்றுவழி மறுப்பாளர்' என்ற தொடர் இச்சட்டத்தால்தான் பரவியது. முதல் உலகப்போரில் படையில் சேர மறுத்தோர்க்கு அது பெயராயிற்று. நடுவர் சிலர் மனம்போனபடி விண்ணப்பங்களைத் தள்ளியதால், உறுதிமொழி அளித்தாலே போதும் என 1907இல் விதி தளர்த்தப்பட்டது. 1948இல் கட்டாயம் முற்றிலும் முடிவுக்கு வந்தது.

1970களில் இந்தியாவில் பெரியம்மையை ஒழிக்கும் பணி நடந்தபோது, பணியாளர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடினர். கண்ட இடத்தில் அவரைத் தனிமைப்படுத்தினர்; சுற்றியிருந்தோர் அனைவர்க்கும் அம்மை குத்தினர். லெஸ்டரின் கண்காணிப்பும் ஜென்னரின் அம்மைப்பாலும் அங்கே ஒருங்கே நின்றன. 1975இல் இந்திய மண்ணில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென அறிவித்தது.