சட்டைப்பையில் அடங்கும் இயற்கை நூல்கள்

ஏரிக்கரையில் ஒரு பறவையைக் கண்ட மாணவனுக்கு அதன் பெயர் அங்கேயே தெரிய வேண்டும். நூலகத்திலுள்ள பெரிய நூலை அவன் அடைவதற்குள் பறவையும் பறந்துவிடும், கேள்வியும் மறந்துவிடும். இக்குறையை நீக்கவே கையடக்க வழிகாட்டி நூல்கள் தோன்றின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செஸ்டர் ரீட் என்பவர் சட்டைப்பையில் அடங்கும் பறவை நூல்களை வெளியிட்டார். 1934-இல் ராஜர் டோரி பீட்டர்சன், ஒத்த தோற்றமுள்ள பறவைகளை அருகருகே வரைந்து, வேறுபடுத்தும் அடையாளங்களைச் சிறு கோடுகளால் சுட்டிக்காட்டினார். 1937-இல் இங்கிலாந்தில் ‘அப்ஸர்வர்’ நூல் வரிசையும், 1949-இல் அமெரிக்காவில் இளைஞர்க்குரிய ‘கோல்டன்’ வரிசையும் தொடங்கின.

இந்தியப் பறவைகளைப் பற்றிய சாலிம் அலியின் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1941-இல் வெளியிட்டது. 1957-இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், சிறுவர்க்கென ஜமால் ஆரா எழுதிய பறவை நூலை 1970-இல் வெளியிட்டது. இன்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ‘எர்லி பேர்ட்’ திட்டம், மடித்து வைத்துக்கொள்ளத்தக்க வழிகாட்டிகளைத் தமிழ், கன்னடம் முதலிய மொழிகளிலும் அளித்து வருகிறது.

நூல் சிறிதாயின் அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதே முதன்மையான வினா. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள ஜோகுபாளையத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மாணவனுக்கு அயல்நாட்டுப் பறவைகளின் வண்ணப் படங்களால் பயன் சிறிதே. தலைக்கு மேல் வட்டமிடுவது கரும்பருந்தா, செம்பருந்தா என்பதே அவன் ஐயம். வளர்ந்த செம்பருந்து வெண்மையான தலையும் செந்நிற உடலும் உடையது. ஆனால் அதன் இளம் பறவை பழுப்பு நிறமாதலின், நிறத்தை மட்டும் நம்புவோர் அதனைக் கரும்பருந்து எனக் கொள்வர். வாலே சரியான சான்று: கரும்பருந்தின் வால்நுனி பிளவுபட்டிருக்கும், செம்பருந்தின் வால்நுனி வளைந்து உருண்டிருக்கும். மடையான் அமர்ந்திருக்கையில் பழுப்பாகவும், பறக்கையில் இறக்கைகள் வெண்மையாகவும் தோன்றும். ஆகவே அதற்கு இரு படங்கள் தேவை.

ஆசிரியர்கள் இத்தகைய ஏடொன்றை மாணவரைக் கொண்டே உருவாக்கலாம். பள்ளியைச் சுற்றி ஆண்டு முழுவதும் காணப்படும் இருபது உயிரினங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்ப் பெயர், ஒரு படம், ஓர் உறுதியான அடையாளம், காணும் இடம் ஆகியவற்றை மட்டும் குறித்தல் வேண்டும். பின்னர் அதனை வேறொரு வகுப்பு மாணவரிடம் கொடுத்து வெளியே அனுப்புக. எவர் உதவியுமின்றி அவர்கள் இனங்கண்டால் குறிப்பு சரியானது, தடுமாறினால் திருத்தப்பட வேண்டியது குறிப்பே, மாணவரைக் குறைகூறலாகாது.