தங்கிக் காணும் பயணம்

கி.பி. 399-இல் சீனத்தினின்று புறப்பட்ட பாஹியான், பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டு தங்கி வடமொழி பயின்றார்; விநய நூல்களைப் படியெடுத்தார்; பின்னர் இலங்கையில் இரண்டாண்டு வதிந்தார். அத்துணைக் காலம் நமக்கு வாய்க்காது. எனினும், ஒரு வாரமேனும் ஓரிடத்தில் தங்குதல் நம்மால் இயலாததன்று.

திருவனந்தபுரம் செல்வோர் பலர் பத்மநாபசுவாமி கோயிலைக் கண்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். அக்கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே ஸ்ரீவராகம் உளது. அங்கே வராகமூர்த்தியின் கோயிலையடுத்துப் பரந்ததொரு திருக்குளம். அதன் கரையில் நாம் வாளா அமர்ந்திருப்போமாக. படம் பிடிக்கும் கருவி உறைக்குள்ளேயே கிடக்கட்டும். கண் தன் வேலையைச் செய்யும்.

பங்குனி அல்லது ஐப்பசித் திருவிழாக் காலமாயின் இன்னும் நன்று. பள்ளிவேட்டை இரவில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் வாத்திய முழக்கமின்றி அமைதியாகச் செல்லும். மன்னர் குடும்பத் தலைவர் இளநீர்க்காயின்மீது அம்பெய்த பின்னரே மேளம் எழும். விரைந்து வந்து விரைந்து போவோர்க்கு இம்மௌனம் வெறும் தாமதமாகவே தோன்றும்.

மறுநாள் ஆராட்டு. ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு விமான நிலையத்தின் ஓடுபாதை வழியாகவே போகிறது. 1932-இல் அந்நிலையம் நிறுவப்பெற்ற பின்னரும் பழைய வழி மாறவில்லை. மூர்த்திகள் நீராடித் திரும்பும்வரை, நடந்து செல்வோருக்காக விமானங்கள் காத்திருக்கின்றன.