வெட்டுத் துணியும் வெகுமதியாகும்



நம் தங்கச்சிமடத்து மணலில் மல்லிகை நாற்று வளர்க்கிற குடும்பத்தார் ஒரு காரியத்தை நன்றாய் அறிவார்கள். செடியிலிருந்து வெட்டிய சிறு குச்சியைக் குப்பையில் எறிந்தால் அது அடுப்புக்குக்கூட உதவாது. அதையே பக்குவமாய் மணலில் ஊன்றி, நிழலும் நீரும் கொடுத்து வந்தால் வேர் விட்டு நாற்றாகிறது. வெளியூர்த் தோட்டங்களுக்குப் போய்ப் பூத்து மணக்கிறது. குச்சி ஒன்றுதான். அதன்மேல் வைத்த கவனம்தான் வேறு. தையல் மிஷினுக்கு அடியில் விழுகிற துணித் துண்டும் அப்படிப்பட்டதே. இவ்வாரம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

ஞானஸ்நானம், புதுநன்மை, கிறிஸ்மஸ் திருநாள் என்று விசேஷங்கள் வருகின்றன. வெறுங்கையோடு போக மனம் வருவதில்லை. அது நல்ல மனம்தான். ஆனால் கடையில் வாங்கிக் கொடுத்தால்தான் கௌரவம் என்று எண்ணிக் கடன்படுகிறவர்கள் உண்டு. நம் கரையில் விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தொழிலுக்குப் போவதில்லை. கையில் காசு குறைந்த அந்த நாட்களிலும் விசேஷங்கள் நிற்பதில்லை. அப்போது வீட்டில் கிடக்கும் துணியும், ஒரு ஊசியும், ஓய்வு நேரமும் நமக்குப் பெரிய உதவி. ஆயினும் பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல.

சுனாமி காட்டிய இரண்டு துணிகள்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் சுனாமி வந்தது. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி கரைகளில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு நின்றன. 1964-ம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்ட நம் தீவுக்கு அந்த நிலை புதிதல்ல. நாடெங்கும் இரக்கமுள்ளவர்கள் மூட்டை மூட்டையாய்ப் பழந்துணிகளை அனுப்பினார்கள். அவற்றில் நல்லவையும் இருந்தன. ஆனால் கிழிந்ததும் அழுக்கானதும், கடற்கரைப் பெண்கள் உடுத்த முடியாததுமாகிய துணிகள் மிகுதியாய் வந்தபடியால், அவை சாலையோரங்களில் குவிந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பசித்தவனும் மானமுள்ளவன் என்பதை அனுப்பியவர்களில் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

அதே சுனாமிக்குப் பிறகு வேறொரு துணியும் பேசப்பட்டது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்பவர் நடத்திய 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்புக் கூடத்தார், சுனாமியால் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களிடம் தையலில் மிஞ்சிய சிறு துணித் துண்டுகளைக் கொடுத்து, விரல் அளவே உள்ள குட்டிப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். 'சுனாமிகா' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் அதைச் செய்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. அது வெகுமதியாகவே கொடுக்கப்பட்டது. விரும்பினவர்கள் தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கிடைத்தது. லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் பல தேசங்களுக்குப் போயின.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப் புடவை தெருவில் கிடந்தது. கைக்குட்டை அளவுகூட இல்லாத துண்டு கடல் கடந்து போனது. காரணம் என்ன? முதலாவது, 'எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள்' என்றது. இரண்டாவது, 'உனக்காக உட்கார்ந்து செய்தேன்' என்றது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யாவற்றையும் இழந்து, பிறர் கையை எதிர்பார்த்திருந்த பெண்களே இங்கே கொடுக்கிறவர்களாய் ஆனார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு வாங்குகிற நிலை மட்டுமே மிஞ்சினால் மனம் இன்னும் ஒடுங்கும். கொடுக்கவும் ஒரு வழி இருந்தால் அது நிமிரும்.

யோப்பா பட்டணத்துத் தையற்காரி

வேதாகமத்திலும் ஒரு தையற்காரி இருக்கிறாள். அப்போஸ்தலர் நடபடி 9-ம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாய் வாசியுங்கள். யோப்பா நம் ஊரைப்போலக் கடற்கரைப் பட்டணம். அங்கே தொற்காள் என்னும் தபித்தாள் நோயுற்று இறந்தாள். அர்ச். இராயப்பர் வந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்த காலத்தில் செய்துகொடுத்த உடைகளைக் காட்டினார்கள். அவளுடைய செல்வத்தையோ குலப்பெருமையையோ அவர்கள் பேசவில்லை. அவள் கைத்தையலே அவளுக்குச் சாட்சி சொன்னது. இராயப்பர் முழங்காலிலிருந்து வேண்டி, அவளை உயிரோடு எழுப்பி அவர்களிடம் கொடுத்தார்.

துணியைத் தெரிந்தெடுக்கும் விதம்

நமது ஆண்டவரும் தையலின் நுட்பத்தை அறிந்திருந்தார். தண்ணீர் காணாத புதுத்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால், ஒட்டு சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழிக்கும் என்பதை அவர் உவமையாய்ச் சொன்னதை அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். நாசரேத்தூர் வீட்டில் மாதா ஒட்டுப் போட்டதை அவர் பார்த்திருப்பார் போலும்! ஆகையால் முதல் விதி: புதுத்துண்டுகளைத் தைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். சாயம் போகும் துணியும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது விதி: பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரித்து வையுங்கள். ஐயமிருந்தால் இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் தீயில் காட்டிப் பாருங்கள். இதைப் பெரியவர்களே செய்யவேண்டும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியான மணிபோல் ஆகும். சட்டி பிடிக்கும் துணிக்குப் பருத்தியே ஏற்றது. உருகுகிற துணி சூட்டில் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது விதி எல்லாவற்றிலும் பெரியது: உங்கள் பிள்ளைக்குப் போடத் தயங்குகிற துணியைப் பிறர் பிள்ளைக்குத் தைக்காதீர்கள். இழை நைந்ததும் கறை பிடித்ததும் வீடு துடைக்க ஆகட்டும். துண்டு சிறிதாயிருக்கலாம், கந்தலாயிருக்கலாகாது.

முதல் பாடம்: செபமாலைப் பை

புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு இது நல்ல வெகுமதி. 5 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள ஒரு துண்டு போதும்.

துணியின் உட்புறம் மேலே தெரியும்படி விரியுங்கள். நான்கு மூலைகளிலும், நீண்ட ஓரத்தை ஒன்றரை அங்குல தூரத்துக்கு அரை அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். பிறகு குறுகிய ஓரம் இரண்டையும் முதலில் கால் அங்குலமும், அடுத்து முக்கால் அங்குலமும் மடித்து, மடிப்பின் அடிப்பக்கம் தையல் போடுங்கள். இது நாடா ஓடும் குழாய். இப்போது துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாய் மடித்தால் குழாய்கள் இரண்டும் மேலே சேரும். பக்கங்கள் இரண்டையும் ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு, அடியிலிருந்து குழாயின் கீழ்வரை தையுங்கள். குழாயின் வாயை மூடிவிட வேண்டாம். பையைத் திருப்பி, ஊக்கில் நாடாவைக் கோத்து இரு குழாய்களிலும் ஓட்டி முடிச்சிட்டால், 4 அங்குலச் சதுரப் பை தயார்.

கையால் தைப்பவர்கள் ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்கவேண்டாம், நீளமானால் சிக்கும். பக்கத் தையலுக்கு, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையல் உறுதியானது.

இரண்டாம் பாடம்: பிள்ளை விரிப்பு

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் 'சித்தி' என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், நம் கத்தோலிக்கர் என மூன்று மதத்தாரும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பெண்கள் பழந்துணித் துண்டுகளால் 'கவந்தி' என்ற விரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் 'பூ' வைத்தால்தான் விரிப்பு நிறைவானது என்பது அவர்கள் எண்ணம். ஏழை வீட்டு விரிப்புக்கும் அலங்காரம் வேண்டும் என்ற அந்த மனம் எவ்வளவு அழகு!

நாம் எளிய முறையில் தொடங்குவோம். 5 அங்குலச் சதுரமாய் 48 பருத்தித் துண்டுகளை வெட்டுங்கள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி அதையே அளவாய் வைத்துக்கொண்டால் பிழை வராது. அரை அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறு துண்டுகளை ஒரு வரிசையாய் இணையுங்கள். இப்படி எட்டு வரிசை. ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும், அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் தடிக்காமல் பொருந்தும்.

அடித்துணிக்கு, துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டியில் 25 அங்குலத்துக்கு 33 அங்குலம் வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துச் சுற்றிலும் தைத்து, ஒரு சாண் இடம் மட்டும் திறந்துவிடுங்கள். அதன் வழியே திருப்பி, திறந்த இடத்தை மூடி, வரிசை வரிசையாய் மேலே ஓட்டுத் தையல் போடுங்கள். 24 அங்குலத்துக்கு 32 அங்குலம் உள்ள விரிப்பு கிடைக்கும். நம் கடற்கரை வெப்பத்துக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். பாசி, பொத்தான் எதுவும் வைக்காதீர்கள். குழந்தை பிய்த்து விழுங்கிவிடும். இது குழந்தைக்குக் கீழே விரிக்கத்தானே அன்றி, முகத்தின்மேல் போர்த்த அல்ல.

ஆண்பிள்ளைகளும் தைக்கலாம்

ஊசி பிடிப்பது பெண் வேலை என்று சில பையன்கள் சிரிப்பார்கள். வேர்க்காட்டில் நாம் ஆண்டுதோறும் ஜூலை 25-ல் திருநாள் கொண்டாடுகிற அர்ச். சந்தியாகப்பரை ஆண்டவர் அழைத்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தம்பி அருளப்பரோடு படகில் உட்கார்ந்து வலைகளைச் சீர்ப்படுத்திக்கொண்டிருந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. கிழிந்த வலையை எறிந்துவிட்டால் மீனவன் பிழைப்பதெப்படி? நம் தகப்பன்மார் இன்றும் கரையில் அமர்ந்து வலையைச் சரிசெய்கிறார்களே! ஆகையால் வீட்டில் யாவரும் கற்கட்டும். சிறுவர் துண்டுகளை நிறம் பிரிக்கட்டும். தகப்பன் அட்டையை அளந்து வெட்டட்டும். கண் மங்கிய பாட்டிக்குப் பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கட்டும். அந்த ஒரு மணி நேரமே குடும்பத்துக்கு ஒரு வெகுமதி.

இவ்வாரத் தீர்மானம்

அப்பம் பலுகின பின்பு, மீந்த துணிக்கைகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் சேசுநாதர். நாமும் வீட்டில் ஒரு பெட்டியோ பையோ வைத்து, இன்று முதல் துணித் துண்டுகளைச் சேர்ப்போம்.

தைத்து முடித்த முதல் வெகுமதியை யாருக்குக் கொடுக்கலாம்? கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீடு, அக்கரைச் சிறையில் இருக்கும் மகனுக்காகக் கண்ணீர் விடுகிற வீடு, தனித்திருக்கும் கைம்பெண்ணின் வீடு: இப்படி ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அங்கே போங்கள். ஆனால் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அடுத்த முறை துண்டுகளையும் ஊசியையும் எடுத்துப் போய், 'அக்கா, இந்த வரிசையை நீங்கள் சேர்த்துத் தருவீர்களா? இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வேண்டும்' என்று கேளுங்கள். அவர்களுக்காகத் தைப்பது நல்லது. அவர்களோடு தைப்பது அதிலும் நல்லது. வாங்கிய கை கொடுக்கும் கையாகும்போது, அந்த வீட்டில் விளக்கு ஒன்று ஏற்றினதாகும்.

தேவமாதாவின் கைகள் நம் கைகளுக்குத் துணையிருப்பதாக.