பச்சை விளக்கும் தகவல்தான்

கேள்வி: போலீசில் முதல் தகவல் அறிக்கை, தாலுகா ஆபீசில் தகவல் அறியும் மனு, பிளாட்பாரத்தில் ரயில் தகவல், ஊரில் சாவுத் தகவல். எல்லாம் ஒரே தகவல்தானா?
– ஒரு வாசகர், பொன்னேரி

பதில்: சொல் ஒன்று, சரக்கு வேறு வேறு.

ஆங்கிலத்தின் ‘இன்ஃபர்மேஷன்’, உருக்கொடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை வார்ப்பதுபோல மனசை வார்ப்பது. சேதிக்கு அந்தப் பெயர் பிறகுதான். நம் தென்மாவட்டங்களில் தகவலைத் தாக்கல் என்பார்கள்; ‘தாக்கல் சொல்லியாச்சா?’ என்று கேட்பார்கள். வேட்புமனுவைத் தாக்கல் செய்கிறோமே, அதே சொல். ‘உள்ளே போவது’ என்ற அரபு வேர், உருது வழியாக வந்தது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. சேதி காதுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. சாவுத் தகவல் வரவில்லை என்று பத்து வருஷம் முகம் கொடுக்காத பங்காளிகளைக் கேளுங்கள்.

சட்டத்துக்குக் காது வேண்டாம், கோப்பில் கிடந்தால் போதும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி லாக் புத்தகம், ஒப்பந்தம், மின்னஞ்சல் மட்டுமல்ல, சாம்பிளும் தகவல். உங்கள் தெருவில் போட்ட ரோட்டின் ஜல்லியைக்கூட மாதிரி கேட்கலாம்! முதல் தகவல் அறிக்கையோ, நிஜமா பொய்யா என்று பார்க்கும் முன்பே எழுதப்படுவது.

கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-இல் அர்த்தத்தையே ஒதுக்கிவிட்டுத் தகவலை அளந்தார். தெரிந்ததைச் சொன்னால் சுழி. எதிர்பாராதது எவ்வளவோ அவ்வளவு தகவல். பொன்னேரி பிளாட்பாரத்தில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்றால் யாரும் நிமிர்வதில்லை. ‘தாமதமாக’ என்று காதில் விழுந்ததும், தூக்கிய டிபன் பை மறுபடி தரைக்குப் போகிறது.

அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விழுந்திருந்தது. வண்டியோ லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த கூட்ஸில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. தண்டவாளப் பாயிண்ட் சரியான பக்கம் பூட்டியிருக்கிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு சாட்சி. அன்று சாட்சி பொய்த்தது.

பொய்யானது தகவலே அல்ல என்று வாதிடும் தத்துவக்காரர்கள் உண்டு. நாம் ‘தப்பான தகவல்’ என்று தயங்காமல் சொல்கிறோம். டிரைவர் அதை நம்பித்தானே ஓட்டினார். நான் நம் பக்கம்.