தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உதிர்கிறதா?

பனச்சமூடு முதலிய தமிழக-கேரள எல்லைக் கிராமங்களில் தென்னை தாராளமாக அளிக்கும் எண்ணெயைக் கொண்டு இல்லத்திலேயே சோப்பு தயாரிக்க விரும்புவோர், வெட்டும்போது அது உதிர்வதற்குரிய பிரதான காரணங்கள் இரண்டையும் அறிந்திருத்தல் அவசியம்.

• காரம் மிகுதல்: 1 கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா போதுமாதலால், சருமத்தின் நலன் கருதிச் சிறிது எண்ணெய் எஞ்சுமாறு 174 கிராம் மட்டும் தராசில் நிறுத்துச் சேர்க்க.

• தாமதித்து வெட்டுதல்: இச்சோப்பு அதிசீக்கிரம் இறுகும் சுபாவமுடையதாகையால், மறுநாள்வரை காத்திராமல், கெட்டிப்பட்டும் இளஞ்சூடு ஆறாத பக்குவத்திலேயே துண்டு போடுக.

• பரிகாரம்: தாமதத்தால் உதிர்ந்ததைத் துருவி, சிறிது நீர் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இளந்தீயில் குழைத்து மீண்டும் அச்சிலிடலாம், காரம் மிகுந்ததையோ உடம்பில் தேய்க்கலாகாது.

• எச்சரிக்கை: கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்து, காரத்தையே நீரில் இடுக; காரத்தின்மீது நீரை ஒருபோதும் ஊற்றற்க; அலுமினியப் பாத்திரம் ஆகாது.