எழுதிப் பேசுங்கள்

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலப் பாடத்துக்கு எழுத்து வழியாக விவாதிக்கச் சொல்கிறார்கள். பிழை வருமே என்று தயங்குகிறேன். இதனால் பயன் உண்டா?
– ஒரு மாணவி, பள்ளத்தூர்

பதில்: நிச்சயம் உண்டு. 1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ்.பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலம் கற்பிக்க 'பெங்களூர் திட்டம்' நடத்தினார். இலக்கணப் பாடத்துக்குப் பதிலாக ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார். கருத்தில் மனம் ஊன்றும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. மொழி ஆசிரியர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

எழுத்து விவாதத்திலும் மனம் கருத்தில்தான் ஊன்றுகிறது. அதன் இன்னொரு பெரிய வரம், அவகாசம். வகுப்பில் சட்டென்று பேச வராதவரும் யோசித்து, திருத்தி, தம் கருத்தை வைக்கலாம்.

உங்கள் ஊரிலேயே பொருள் இருக்கிறது: செட்டிநாட்டு வீடுகளை விடுதிகளாக்குவது சரியா? முதலில் வகுப்புத் தோழி ஒருவர் இதுபற்றிச் சொன்னதை உங்கள் வார்த்தையில் இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து, எங்கே மாறுபடுகிறீர்கள், ஏன் என்று சான்றோடு சொல்லுங்கள். கடைசியில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கும் அடிப்படை இதுதான். 'நன்று, ஏற்கிறேன்' என்று மட்டும் எழுதி நகராதீர்கள். அதில் விவாதமே இல்லை.

பிழை வரட்டும். எழுதாமல் இருப்பதுதான் இழப்பு. இந்த வாரமே தொடங்குங்கள்.