சொல்லைப் பிரித்தால் நோய் புரியும்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் உயிரியலை மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தங்கள் உடல்நலத்தைப் பற்றித் தமிழில் பேசுகின்றனர். மருத்துவர் பயன்படுத்தும் கலைச்சொற்களோ பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. இதனால் ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குகின்றன. அவற்றைப் பொருள் அறியாமல் மனனம் செய்பவர் விரைவில் மறந்துவிடுவார். பிரித்துப் பொருள் கண்டு படிப்பவருக்கோ ஒரு சொல் தெரிந்தால் பத்துச் சொற்கள் தெரியவரும்.

மருத்துவச் சொல்லின் உறுப்புகள்

இலக்கண வகுப்பில் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரிப்பது மாணவர்கள் அறிந்ததே. மருத்துவச் சொற்களையும் ஏறத்தாழ அவ்வாறே பிரிக்கலாம். ‘ஹெபட்டைட்டிஸ்’ என்னும் சொல்லில் முற்பகுதி கிரேக்க மொழியில் கல்லீரலைக் குறிக்கும். ‘ஐட்டிஸ்’ என்னும் இறுதிப் பகுதி அழற்சியைக் குறிக்கும். எனவே, அது கல்லீரல் அழற்சி. இந்த இறுதிப் பகுதியைத் தெரிந்துகொண்டவருக்கு ‘ஆர்த்ரைட்டிஸ்’ மூட்டழற்சி என்பதும் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ இரைப்பை அழற்சி என்பதும் எளிதில் விளங்கும்.

இறுதிப் பகுதி மாறினால் பொருளும் மாறும். ‘டான்சிலைட்டிஸ்’ என்றால் தொண்டையில் உள்ள அடிநாச்சதை அழற்சியுற்றிருக்கிறது என்று பொருள். ‘டான்சிலெக்டமி’ என்றால் அச்சதையை அறுவை செய்து அகற்றுதல் என்று பொருள். முன்னது நோயின் பெயர். பின்னது சிகிச்சையின் பெயர். இரண்டும் ஒரே சொல்லைப் போலக் காதில் விழலாம். ஆனால், முதற்சொல்லைக் கேட்டவுடன் அறுவை சிகிச்சை என்று எண்ணி ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரே காட்சி, பல மொழிகள்

பல மருத்துவச் சொற்களுக்குள் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது. அழற்சி ஏற்பட்ட இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். தமிழில் ‘அழல்’ என்றால் நெருப்பு. அதிலிருந்து பிறந்ததே அழற்சி. இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லும் தீ மூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொலைவில் வாழ்ந்த இரு மக்களும் ஒரே துன்பத்தைக் கண்டு நெருப்பையே நினைத்துள்ளனர்.

நீரிழிவு இதற்கு இன்னும் சிறந்த சான்றாகும். ‘இழிதல்’ என்பதற்கு இறங்குதல் என்னும் பொருளும் உண்டு. உடலிலிருந்து நீர் மிகுதியாக இறங்கிப் போவதால் இந்நோய் நீரிழிவு எனப்பட்டது. ‘டயபிட்டிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து செல்வதையே குறிக்கிறது. அதனுடன் சேரும் ‘மெல்லிட்டஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தேன்போல் இனிப்பது என்று பொருள். மலாய் மொழியில் இந்நோயை ‘கென்ச்சிங் மானிஸ்’, அதாவது இனிப்பான சிறுநீர் என்கின்றனர். மலேசியத் தமிழர் பலர் இதனை ‘இனிப்பு நீர்’ என்றே வழங்குகின்றனர். நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

உறுப்புகளின் பெயர்களும் இத்தகையவையே. மலாய் மொழியில் சிறுநீரகத்தை ‘புவா பிங்காங்’ என்பர். ‘இடுப்புப் பழம்’ என்பது அதன் நேர்ப்பொருள். அது உறுப்பின் வடிவத்தையும் இடத்தையும் காட்டுகிறது. ‘சிறுநீரகம்’ என்னும் தமிழ்ச்சொல் சிறுநீர் உருவாகும் இடம் என அதன் தொழிலைக் காட்டுகிறது. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ‘நுரை’ என்னும் சொல் அந்த உறுப்பின் தன்மையை எவ்வளவு பொருத்தமாக உணர்த்துகிறது!

தமிழில் மருத்துவம் கற்பித்தவர்

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அவர், அங்குள்ள இளைஞர்களுக்கு மருத்துவம் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழில் கற்பிக்கலானார். மருத்துவர்கள் தம் ஊர் மக்களுக்கு அவர்களின் மொழியிலேயே பணியாற்ற வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அதற்குப் பாடநூல்கள் தேவைப்பட்டன. கிரீன் தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையுடன் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். பொருத்தமான சொல் வழக்கில் இருந்தால் அதனை எடுத்துக்கொண்டார். இல்லாதபோது வடமொழியின் துணையை நாடினார். அதுவும் பொருந்தாவிடில் அயற்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். அறுவை மருத்துவ நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்றும் வேதியியல் நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்றும் பெயர் சூட்டினார். அச்சொற்களுள் பல இன்று மாறிவிட்டன. எனினும், கலைச்சொல் ஒரே நாளில் முழுமை பெறுவதில்லை. பயன்படுத்தப் பயன்படுத்தவே அது செம்மையடைகிறது என்பதை அவர் முயற்சி காட்டுகிறது.

ஓர் ஒலி மாறினால்

மருத்துவச் சொற்களைக் கவனமாகக் கற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ஒலியில் சிறு வேறுபாடுதான்; பொருளில் நேர் எதிர். ‘ஹைப்பர்கிளைசீமியா’ இரத்தத்தில் சர்க்கரை மிகுதியாக இருப்பதைக் குறிக்கும். அந்நிலையில் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சோர்வு ஆகியவை தோன்றலாம். ‘ஹைப்போகிளைசீமியா’ சர்க்கரை மிகவும் குறைந்திருப்பதைக் குறிக்கும். இரத்தச் சர்க்கரை ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, குழப்பம் ஆகியவை ஏற்படலாம்.

இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறு. சர்க்கரை குறைந்தவர் சுயநினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால், அவருக்கு உடனே 15 கிராம் அளவு சர்க்கரை உள்ள இனிப்புப் பானத்தைக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்திற்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். “நீரிழிவுக்காரருக்கு இனிப்பே ஆகாது” என்று மட்டும் அறிந்த ஒருவர், இத்தகைய நேரத்தில் கையில் இருக்கும் இனிப்பைக் கொடுக்கத் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பழகிய சொல்லிலும் கவனம் தேவை

எல்லாருக்கும் தெரிந்த சொல்கூடச் சில வேளைகளில் தவறான எண்ணத்தை உண்டாக்கும். உயர் இரத்த அழுத்தத்தைப் பலர் ‘இரத்தக் கொதிப்பு’ என்கின்றனர். இப்பெயரைக் கேட்பவர், கோபமோ படபடப்போ இல்லாதவருக்கு இந்நோய் இராது என்று எண்ணிவிடலாம். உண்மையில், அழுத்தம் 140/90 என்னும் அளவைத் தாண்டியும் எந்த அறிகுறியும் இன்றி ஒருவர் நடமாடக்கூடும். அளந்து பார்த்தால்தான் தெரியும். ‘இனிப்பு நீர்’ என்னும் பெயரால், இனிப்பை மட்டும் தவிர்த்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். சோறு, ரொட்டி, மீ ஆகியவையும் உடலில் சர்க்கரையாக மாறுகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

‘மயக்கம்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். தலைசுற்றுவதையும் மயக்கம் என்பர். நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்பர். மருத்துவருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள். பாட்டியுடன் கிளினிக்குக்குச் செல்லும் பேரப்பிள்ளை, “பாட்டி, தலை சுற்றியதா? நினைவு தப்பி விழுந்தீர்களா?” என்று கேட்டுத் தெளிந்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும்.

மருத்துவச் சொற்களைக் கற்ற மாணவர் மருத்துவராகிவிடுவதில்லை. நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்தின் அளவை மாற்றுவதும் அவர் வேலையன்று. புரியாத சொல்லை மருத்துவரிடமே கேட்டுத் தெளிவது, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைப்பது, மருந்து உண்ணும் நேரத்தைத் தெளிவாக எழுதி வைப்பது ஆகியவை அவரால் இயலும். இரண்டு மொழி அறிந்த பிள்ளை வீட்டில் இருப்பது மூத்தோருக்குப் பெரும் துணை. அப்பிள்ளை சொற்களின் பொருளையும் அறிந்திருந்தால் அத்துணை இன்னும் வலுப்பெறும்.

கருத்துணர்தல்

1. ‘டான்சிலைட்டிஸ்’, ‘டான்சிலெக்டமி’ ஆகிய சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததன் நோக்கம் யாது?
3. ‘இரத்தக் கொதிப்பு’ என்னும் பெயர் எவ்வாறு தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடும்?
4. உம் வீட்டு மூத்தோர் உடல்நலம் பற்றிப் பயன்படுத்தும் ஐந்து சொற்களைத் திரட்டுக. அவற்றைப் பிரித்துப் பொருள் கண்டு வகுப்பில் கலந்துரையாடுக.